கோட்டம் எடுத்தல்

மெக்கானிக் தம்பி வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினார். கேரியரை அமுக்கிப் பிடிக்கும்படி பையனிடம் சொன்னார். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டில்பாரை இரண்டே விரலால் இடமும் வலமுமாக மெல்லத் திருப்பினார். நடுவுக்கு வந்ததும் அது ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி ‘டக்’.

“எந்த ரோடுண்ணே?”

வயிற்றுவலி என்று போனால் ‘நேத்து என்ன சாப்பிட்டீங்க’ என்று வைத்தியர் கேட்பாரே, அதே தொனி. ரோட்டைச் சொன்னேன். “ஓ...” என்றார். நோய் தெரிந்துவிட்டது: கோன்செட்.

அந்த ரோட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ‘எங்க ரோட்ட விட்டுட்டீங்களே’ என்று மற்ற ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். விராலிமலை முதல் மணமேல்குடி வரை யாருடைய மனத்தையும் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை.

ரோட்டின் வரலாறு சின்னது. பழைய தாரைக் கொத்திக் கிளறினார்கள். ஜல்லியைக் கொட்டிப் பரப்பினார்கள். ரோலர் ஒரு நாள் வந்தது, டீ குடித்தது, போனது. மேலே கிராவல் தூவினார்கள். “தார் வரும்” என்றார்கள். மழைதான் வந்தது. கிராவல் கரைந்து வாய்க்காலுக்குப் போக, மிச்சமிருந்த ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. டிப்பர்கள் அதன்மேல் இரண்டு தடம் போட்டுக் கொடுத்திருக்கின்றன. அந்தத் தடத்துக்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டால், வண்டி எங்கே போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. ஜல்லி முடிவு செய்யும். நாம் கூடவே போகிறோம், ஓட்டுப் போட்டவர்கள் போவது மாதிரி.

கோன்செட் என்பது பெரிய ரகசியமில்லை. ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் மேலொரு கிண்ணம், கீழொரு கிண்ணம். நடுவில் இரும்புக் குண்டுகள். முன்சக்கரம் குழியில் விழும்போதெல்லாம் அந்தக் குண்டுகள் கீழ்க்கிண்ணத்தில் ஓங்கிக் குத்தும். குத்திய இடமெல்லாம் மெல்லப் பள்ளமாகும். நேராகப் போகும்போதுதான் அதிக அடி என்பதால், பள்ளமும் ஹேண்டில் நேராக நிற்கும் இடத்தில்தான் விழும். (நேராகப் போகிறவனுக்கே அடி அதிகம் என்பது இரும்புக்கும் தெரிந்திருக்கிறது.) அப்புறம் நல்ல தார் ரோட்டுக்கு வந்தாலும் வண்டி இயல்புக்கு வராது. நடுப்பள்ளத்தில் குண்டு உட்காரும், நாம் தள்ளுவோம், அது தாண்டி அந்தப் பக்கம் போகும், திரும்பத் தள்ளுவோம். குடித்தவன் நடை. பின்னால் வருகிறவன் நம்மைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டு ஹாரன் அடிப்பான்.

தம்பி மேலும் பார்த்தார். ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து பின்சக்கரம் ஆடுகிறது. போர்க் ஆயில் சீல் கிழிந்து எண்ணெய் வழிகிறது. கண்ணாடி இரண்டும் குலுங்கிக் குலுங்கி என்றைக்கோ கழன்று விழுந்துவிட்டன. ஸ்போக்ஸை ஸ்பேனரால் தட்டினார். சிலது ‘டிங்’ என்றது, சிலது ‘தொப்’ என்றது. பிறகு சக்கரத்தைச் சுழற்றி, ரிம்முக்கு அருகே ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பிடித்தார். ஒரு சுற்றில் ஒரு இடத்தில் மட்டும் ‘ஸ்ர்ர்’ என்று உரசியது.

“கோட்டம் இருக்குண்ணே. எடுக்கணும்.”

என்ன அருமையான தமிழ்ச் சொல். சக்கரம் நெளிந்தால் கோட்டம். மனம் கோணினாலும் கோட்டம். நெடுஞ்சாலைத் துறையை ஊர் ஊராகப் பிரித்து வைத்திருக்கிற பிரிவுக்கும் கோட்டம். அதற்குத் தலைவர் கோட்டப் பொறியாளர். என் ரோட்டுக்கோ அந்தக் கோட்டமும் இல்லை. நான் முதலில் போன இடத்தில் “இது ஹைவேஸ் ரோடு இல்ல சார், ஒன்றியத்துல கேளுங்க” என்றார்கள். இரண்டாவது இடத்தில், “அந்தப் பாலம் வரைக்கும்தான் நம்மது” என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கிக்கொண்டு, நிதி ஒதுக்கீடு வந்தவுடன் பணி மேற்கொள்ளப்படும் என்று பதில் அனுப்பினார்கள். மனு போன தூரம் என் வண்டி போயிருந்தால் சர்வீஸுக்கே விட்டிருக்க வேண்டும்.

ரோட்டுக்கு எம்-புக் என்று ஒன்று உண்டு. நீளம் இத்தனை, அகலம் இத்தனை, ஜல்லி இத்தனை கனம் என்று அளந்து எழுதும் புத்தகம். அதில் எழுதியதை வைத்துத்தான் பில் பாஸாகும். என் ரோட்டின் எம்-புக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் தம்பி கழற்றி எடுத்துக் கையில் கொடுத்த கோன்செட் கிண்ணத்தைப் பார்த்தேன். வட்டமாக, வரிசையாக, அம்மைத் தழும்பு மாதிரி பள்ளங்கள். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் தட்டுகிறது. எந்தக் கையெழுத்தும் இல்லாமல், பெர்சன்டேஜ் ஏதும் வாங்காமல், ரோட்டை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதியிருக்கிறது.

கல்லுக்குப் பஞ்சமான ஊர் என்றாலும் மனம் ஆறும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நார்த்தாமலைப் பக்கமிருந்துதான் கல் போனது என்று சொல்வார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், டெண்டர் இல்லாமல், டிப்பர் இல்லாமல், தஞ்சாவூர் வரைக்கும் போயிருக்கிறது. இன்றைக்கும் இந்த மாவட்டத்தில் மலையைக் குடைந்து ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் வெளியூருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குவாரி வாசலில் இருக்கிற ஊருக்கு மட்டும் அது ஒழுங்காக வந்து சேர மாட்டேன் என்கிறது. வந்து சேர்வது தூசி. அப்புறம் லாரி.

சாலையில் ஓடும் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் கிட்டத்தட்ட பதினாறு மடங்காகும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. அந்தக் கணக்கில் என் நூறு சி.சி. வண்டி ரோட்டுக்குச் செய்யும் சேதம் ஈ உட்கார்ந்த கணக்கு. ஆனால் வரி? 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான புது டூவீலருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். பெயர் ஆயுள் வரி. ஆயுளுக்கு நம்மிடம் காசு வாங்கிக்கொண்டு, ஆயுளை எடுக்கும் வேலையை ரோட்டிடம் விட்டிருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள். ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய். போட வேண்டியதுதான், நானும் போடுகிறேன். அதே திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவும் வந்தது: சாலையைத் தரமாகப் போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் ஆள் செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட்டுக்கு ரசீது போட ஜல்லி ரோடு முடிகிற முக்கில் ஜீப் நிற்கிறது. 198ஏ-க்கு ரசீது போட ஜீப் எங்கே நிற்கும் என்று விசாரித்துவருகிறேன். அந்த ஜல்லி ரோட்டில் உள்ளே வர ஜீப்பால் முடியவில்லையோ என்னவோ.

இதே புதுக்கோட்டைதான் சக்கரத்தை வைத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அறிவொளி இயக்கக் காலம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கக் கற்ற கையோடு பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஹேண்டிலில் கொடி கட்டிக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதினார். பாடப் புத்தகம் வரைக்கும் போனது. அவர்களுடைய மகள்கள் இன்று ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறார்கள். 2018-இல் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று அரசே ஸ்கூட்டர் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஸ்கூட்டருக்குச் சின்னச் சக்கரம். பைக்கின் பெரிய சக்கரம் தட்டித் தாண்டுகிற குழிக்குள் அது முழுசாக இறங்கும். மானியம் கொடுத்த கை, குழியையும் அளவு பார்த்துத்தான் விட்டிருக்கிறது போல. அம்மா சைக்கிளில் போன ரோட்டில் மகள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள்.

அமைச்சர் வந்தால் ரோடு வரும் என்கிறார்கள். ஜல்லிக்கட்டு நடந்தாலும் வாடிவாசல் வரைக்கும் வரும். எங்கள் ஊரில் காளை இருக்கிறது, வாடிவாசல் இல்லை.

தம்பி புதுக் கிண்ணத்தைத் தட்டி இறக்கினார். கிரீஸ் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். “டைட்டா வைக்கக் கூடாதுண்ணே. ஆட்டம் நிக்கட்டும்னு சில பேர் முறுக்கிருவாங்க. அப்புறம் ஹேண்டில் தானா திரும்பாது, மெதுவாப் போறப்பதான் ஆளைத் தள்ளும்” என்றார்.

“திங்கட்கிழமை மனு கொடுக்கலாம்னு இருக்கேன் தம்பி. ரோட்டுக்கு மட்டும் இல்ல. அந்த டிப்பர் லோடுக்கும் சேர்த்து.”

ஸ்பேனர் நின்றது.

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. திருமயம் பக்கம் கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி விடாமல் புகார் கொடுத்துவந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி, தொழுகை முடித்து டூவீலரில் திரும்பிக்கொண்டிருந்தார். லாரி மோதியது. முதலில் அது விபத்து. குடும்பத்தார் புகார் கொடுத்த பிறகு கொலை வழக்கு. குவாரித் தரப்பினர் கைதானார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அவர் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் நடந்துபோய்ப் பதில் சொல்ல யாருக்கும் கால் வரவில்லை. லாரிக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது.

தம்பி கையைத் துணியில் துடைத்தார். ரோட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டார்.

“டேய், உள்ள போயி கண்ணாடி ரெண்டு எடுத்துட்டு வா. அண்ணன் வண்டிக்கு ரெண்டு பக்கமும் மாட்டணும்.”