‘ஏ’யா, ‘ஆன்’ஆ? சிராங்கூன் சாலை ஒலிப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

பொருளொன்றை இன்னதென்று குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வந்து நிற்கும் ‘ஏ’, ‘ஆன்’ இரண்டையும் இன்டெஃபனிட் ஆர்ட்டிகிள் என வகைப்படுத்தும் பள்ளி இலக்கண நூல்கள், அடுத்து வருவது உயிரொலியாயின் ‘ஆன்’, மெய்யொலியாயின் ‘ஏ’ என்று ஒரே வரியில் விதித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. எழுத்தன்று, ஒலியே அளவுகோல் என்பதையும் அவை மறவாமல் சொல்லும்; ‘யூனிவர்சிட்டி’ எழுத்தில் உயிரோடு தொடங்கினாலும் ஒலியில் யகரத்தோடு தொடங்குவதால் ‘ஏ’ பெறுவது அதற்குச் சான்று. அந்த ஒலி யாருடைய வாயில் பிறந்தது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. நான்கு ஆட்சிமொழிகள் கொண்ட சிங்கப்பூரில் இந்த மௌனம் சிறு குறையன்று.

சிக்கலின் ஊற்றுக்கண், 1960இல் தொடங்கப்பட்டுத் தீவின் மக்களில் பெரும்பாலோருக்குக் கூரை தந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான எச்டிபி. அதன் முதலெழுத்தை ‘எய்ச்’ என்பவர் வீட்டுக்கு முன் ‘ஆன்’ வைக்கக் கடமைப்பட்டவர். ‘ஹெய்ச்’ என்பவர், அவ்வுச்சரிப்பு அயர்லாந்துக் கத்தோலிக்கரிடையே பெருவழக்கு என்பதை அறிந்தோ அறியாமலோ, ‘ஏ’ வைக்கக் கடமைப்பட்டவர். பெயரளவில் உயிரொலியோடு தொடங்கும் ஆங்கில எழுத்துகள் எய்ச் மரபினருக்கு 12, ஹெய்ச் மரபினருக்கு 11 ஆதலால், ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் குடியிருக்கும் இருவர் தத்தம் வீட்டை வெவ்வேறு ஆர்ட்டிகிளோடு எழுதி இருவருமே சரியாக இருக்கலாம். விரைவுச்சாலைகளில் இத்தொல்லை இல்லை. ஏஒய்இ, இசிபி இரண்டும் ‘ஆன்’ பக்கமும், பிஐஇ, சிடிஇ இரண்டும் ‘ஏ’ பக்கமும் சண்டையின்றிப் பிரிந்துகொண்டன.

தமிழர் வாய் இதில் நுழையும்போதுதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. சொல்லின் முதலில் நிற்கும் எகரத்துக்கு முன் ஒரு மெல்லிய யகரத்தையும், ஒகரத்துக்கு முன் ஒரு மெல்லிய வகரத்தையும் கூட்டி ஒலிப்பது தமிழ்ப் பேச்சின் இயல்பு. ஆகவே 1987 முதல் ஓடிக்கொண்டிருக்கும் எம்ஆர்டி ரயில், சிராங்கூன் சாலைத் தேக்காவில் ‘யெம்மார்ட்டி’ ஆகிறது. ஓவன் ரோடு ‘வோவன் ரோடு’ ஆகிறது. விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் இவ்விரண்டுக்கும் இவர்கள் ‘ஏ’ போட வேண்டும். மாறாக, லிட்டில் இந்தியாவின் ஹிண்டூ ரோட்டை ‘இந்து ரோடு’ என்று ஹகரமின்றிச் சொல்பவருக்கு ‘ஆன்’ உரியது. ஆண்டைக் குறிக்கும் ‘யியர்’ என்னும் சொல்லை ‘இயர்’ என்றே ஒலித்து, ‘ஆன் இயர்’ என்று எழுதும் மாணவருடைய தாளில் ஆசிரியர் இடும் சிவப்பு வட்டம், அம்மாணவர் விதியை மீறியதற்காக அன்று, லண்டனில் பிறக்காததற்காக என்றே கொள்ள வேண்டும்.

இத்தகைய விதி தமிழுக்குப் புதிதுமன்று. முதல் இரண்டு எண்களை அடுத்து உயிர் வந்தால் உகரம் கெட்டு முதலெழுத்து நீளும் என்று தொல்காப்பியக் குற்றியலுகரப் புணரியல் வகுத்திருப்பதால் ‘ஒரு மரம்’, ‘ஓர் ஆடு’ என்கிறோம். தமிழில் உயிர் வந்தால் மாற்றம். ஆங்கிலத்திலோ பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ எனப் பொருள்பட்ட ‘ஆன்’ ஒன்றே மூலமாக இருந்து, மெய் வந்த இடத்தில் நகரம் உதிர்ந்து ‘ஏ’ பிறந்தது. உதிர்ந்த பழக்கம் விடாமல், ‘நேப்ரன்’ என்றிருந்த சமையலறை மேலாடையின் நகரமும் முன்னிருந்த ஆர்ட்டிகிளோடு ஒட்டிக்கொள்ள, அது ‘ஏப்ரன்’ ஆயிற்று. நாரத்தையின் உறவான ஆரஞ்சின் நகரத்தையும் ஆங்கிலேயரே பறித்தனர் என்று வழக்குத் தொடுப்போர் உண்டு. அந்நகரம் ஆங்கிலக் கரையேறுமுன்பே பிரெஞ்சு, இத்தாலிய வாய்களில் உதிர்ந்துவிட்டதால் வழக்கு நிற்காது.

தேக்கா சந்தையில் ‘ஒரு எலுமிச்சம்பழம்’ கேட்பவரை இலக்கணப் பிழைக்காரர் என்று தூற்றுவோர், அவர் கேட்பது உண்மையில் ‘யெலுமிச்சம்பழம்’ என்பதைச் செவிகொடுத்துக் கேட்பதில்லை. யகரம் முன்னே நிற்பதால் தொல்காப்பியர் விதியே அவருக்குத் துணை நிற்கும்.

ஆர்ட்டிகிளையே விட்டுவிடுவது மற்றொரு வழி. மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அப்படியொரு கட்டாயம் இல்லாததால் சிங்லிஷ் பேசுவோர் அதைத் தயங்காமல் உதிர்ப்பர். அவர்களைத் திருத்த 2000இல் அரசு நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தையே தொடங்க வேண்டியிருந்தது. எனினும் காப்பிக்கடையில் இன்றுவரை தே-ஓ கேட்போர் ஆர்ட்டிகிள் இன்மையால் தாகத்தோடு திரும்பியதில்லை.

வீட்டுச் சிக்கலை மட்டும் சிங்கப்பூர்த் தமிழ் அச்சுலகம் ஓசையின்றித் தீர்த்துவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை ‘வீவக’ என்று சுருக்கியதால் முதலில் நிற்பது வகரம்; எய்ச் மரபினரும் ஹெய்ச் மரபினரும் எழுத வேண்டியது ‘ஒரு வீவக வீடு’தான். எம்ஆர்டிக்கு அத்தகைய சுருக்கம் வாய்க்காததால், அது தாளில் ‘ஓர் எம்ஆர்டி நிலையம்’ என்று அச்சாகி, அதைப் படித்துக்கொண்டே ரயிலேறும் பயணியின் வாயில் ‘ஒரு யெம்மார்ட்டி ஸ்டேஷன்’ என்றே வருகிறது.