ஆளில்லாத கடற்கரை வேண்டும்

ஆளில்லாத கடற்கரை எங்கே இருக்கிறது என்று விசாரிப்பவனை நம் ஊரில் இரண்டு விதமாகத்தான் பார்ப்பார்கள். வயது இருபது என்றால் காதல் தோல்வி. ஐம்பதைத் தாண்டியிருந்தால் கடன் தொல்லை. எனக்கு இரண்டும் இல்லை என்று சொன்னபோது நண்பர் முகத்தில் கவலை இன்னும் கூடிவிட்டது. "அப்ப வீட்ல ஏதாவது...?" என்று இழுத்தார்.

வீட்டில்தான். என் மச்சினன். டொராண்டோவில் இருக்கிறான். ஜனவரி வந்தால் அங்கே வாசலில் கிடக்கும் பனியை வெட்டித் தள்ள வேண்டும். அவன் வெட்டுவதில்லை, குடும்பத்தோடு கரீபியன் தீவு ஏதாவது ஒன்றுக்குப் பறந்துவிடுவான். போன ஜனவரியில் ஆன்டிகுவா. அங்கிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளை மணல், வெளிர்நீலத் தண்ணீர், ஒரு தென்னை, ஒரு மச்சினன். வேறு ஈ காக்கை இல்லை. பின்னாலேயே போனிலும் வந்தான்.

"மாமா, இந்தத் தீவுல 365 பீச்! நாளைக்கு ஒண்ணுன்னு போனா முடிக்கச் சரியா ஒரு வருஷம்."

"லீப் வருஷத்துக்கு என்ன பண்ணுவாங்க?" என்றேன். பேச்சை மாற்றிவிட்டான்.

ஆன்டிகுவா என்றால் என் தலைமுறைக்கு விவியன் ரிச்சர்ட்ஸ், ஆண்டி ராபர்ட்ஸ், கர்ட்லி ஆம்புரோஸ். தீவின் பரப்பே 281 சதுர கிலோமீட்டர்தான். நம் சென்னை மாநகராட்சி 426. அந்தத் தம்மாத்தூண்டு இடத்தில் 365 கடற்கரை என்பது வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பழகிய கணக்கு. என்னைக் கவர்ந்தது வேறு. அங்கே விவரம் தெரிந்தவர்கள் கடற்கரைக்குக் கிளம்புமுன் கப்பல் அட்டவணையைப் பார்க்கிறார்களாம். தலைநகர் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் வந்து நின்றால் ஆயிரக்கணக்கில் ஜனம் இறங்கும். பக்கத்துக் கடற்கரைகளில் துண்டு விரிக்க இடம் இருக்காது. சாயங்காலம் கப்பல் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் மாயம். ஆகவே கப்பல் இல்லாத நாளாகப் பார்த்து, தீவின் மேற்குப் பக்கமாகப் போக வேண்டும். கிழக்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் வாணிபக் காற்றைத் தீவே முதுகில் வாங்கிக்கொள்வதால் மேற்கில் கடல் குளம் போலக் கிடக்கும்.

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. எனக்கென்று ஒரு நூறு அடி கிடைக்காதா என்று ரோஷம் வந்துவிட்டது.

முதலில் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சல்லடை போட்டேன். பெயரில் கடற்கரை இருக்கிறதே தவிர, சென்னையிலிருந்து கிளம்பினால் வெகுதூரத்துக்குக் கடலைக் காண முடியாது. மதில் தெரியும். மதிலுக்கு மேல் காகிதப்பூச் செடி. அதற்கு மேல் கேமரா. முட்டுக்காட்டுப் பாலத்தில் கொஞ்சம் தண்ணீரைக் காட்டுவார்கள், அதுவும் உப்பங்கழி. ஆன்டிகுவாவில் கடற்கரை முழுக்கப் பொதுச்சொத்து, எவ்வளவு பெரிய ஓட்டலும் மணலில் நடப்பவனைத் தடுக்க முடியாது என்று மச்சினன் சொல்லியிருந்தான். நம் ஊரிலும் மணல் புறம்போக்குதான். மணலுக்குப் போகிற வழிதான் பட்டா நிலம். ஒரு விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்தபோது காவலாளி ஓடி வந்தார்.

"சார், இது பிரைவேட் பீச்."

"கடலுமா?"

யோசித்தார். நேர்மையான மனிதர். "கடல் பத்தி எங்கிட்ட சொல்லல சார். மேனேஜர் சாயங்காலம் வருவாரு."

அடுத்து இன்ஸ்டாகிராம். "சென்னைக்குப் பக்கத்தில் யாருக்குமே தெரியாத பீச்" என்று ஒரு பெண் கைகளை விரித்துச் சுற்றுகிற ரீல். தேடிப் போனால், அதே ரீலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒருவர் படத்தில் ஒருவர் விழாமல் கைகளை விரித்துச் சுற்றுவதற்கு முறை வைத்துக் காத்திருந்தார்கள். என் முறை வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

இந்த நிலையில்தான் மாமியார் திருவிடந்தைக்குப் போக வேண்டும் என்றார். கோவளத்தைத் தாண்டியதும் சாலையோரத்திலேயே நித்யகல்யாணப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. காலவ முனிவருக்கு 360 பெண்கள், கரை சேர்க்க வழியில்லை; பெருமாள் பிரம்மசாரியாக வந்து நாளைக்கு ஒருத்தியாக மணந்து, கடைசி நாளில் எல்லாரையும் ஒரே நாச்சியாராக்கி இடப்பக்கத்தில் ஏந்திக்கொண்டார் என்பது தலபுராணம். அதனால் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இங்கே அர்ச்சனை செய்து, கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றுவார்கள். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

என் மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. மாமியாருக்குப் பெருமாள், எனக்குக் கடற்கரை என்று ஒரே பெட்ரோலில் இரண்டு காரியம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

கோயிலில் மாலையும் கழுத்துமாக நிறைய வரன்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணுக்கு எதிரெதிரே பார்த்துப் பேசினாலே பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும் என்று பட்டது. ஆனால் எல்லாரும் ஒரே திசையில் சுற்றுவதால் முதுகுதான் தெரிகிறது. நாலாவது சுற்றில் மகனுக்கு ஆபீஸிலிருந்து போன். காதில் சொருகியிருந்த கருவியில் "யெஸ், ஷேரிங் மை ஸ்க்ரீன்" என்று சொல்லிக்கொண்டே, மாலையோடு, பிராகாரம் திரும்பினான். பெருமாள் எத்தனையோ பார்த்திருப்பார்.

"360 நாளும் மணக்கோலம். மீதி அஞ்சு நாளாவது அவருக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம்" என்றேன்.

"அதெப்படி? வருஷம் பூரா தினமும் இங்க கல்யாண உற்சவம் உண்டு" என்றார் மாமியார். "அவருக்கே இந்த ஊர்ல ஒரு நாள் ஓய்வு இல்ல. உங்களுக்கு எதுக்கு மாப்ளே அமைதி?"

ஆன்டிகுவாவின் 365-க்கு இங்கே பதில் இருப்பதை மச்சினனிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு கடலை நோக்கி நடந்தோம். மணி பதினொன்றிருக்கும். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் என் மூச்சு நின்றது. கண்ணுக்கெட்டிய வரை மணல். வடக்கே யாரும் இல்லை, தெற்கே யாரும் இல்லை. கரையேற்றிய இரண்டு ஃபைபர் படகுகள், நிழலுக்குத் தார்ப்பாய், அதன் கீழ் வலையைப் பிரித்துக்கொண்டு ஒரு மீனவர். பெருவிரலில் நரம்பை மாட்டி இழுத்து, கிழிந்த கண்ணை ஊசியால் முடிந்து, பல்லால் கடித்து அறுத்தார். பார்க்கத் தேவையே இல்லாமல் விரல் வேலை செய்தது. கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தியா?" என்றேன் மனைவியிடம், அந்தக் கடலை நானே வெட்டியது போன்ற பெருமையோடு.

"என்னங்க, யாருமே இல்லையே!"

"அதுக்குத்தானே வந்தோம்."

"யாருமே இல்லாத எடத்துல எப்படிங்க உக்கார்றது? பஜ்ஜிக்காரன்கூட இல்ல."

மகன் சிக்னல் இல்லை என்றான். மாமியார் குடையைப் பிடித்தபடி, திரும்பிப் போகிற வழியைப் பார்த்து நின்றுகொண்டார். செருப்பைக் கழற்றிய மனைவி உடனே மாட்டிக்கொண்டாள்; மணல் அப்படிச் சுட்டது. கூட்டம் ஏன் இல்லை என்பதில் பாதி அங்கேயே விளங்கியது. மீதியை அந்த மீனவர் விளக்கினார். நான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அலைப் பக்கம் போனதைப் பார்த்து எழுந்து வந்துவிட்டார்.

"அங்க எறங்காத சார். பாக்க அமைதியாத்தான் இருக்கும். நாலடி வெச்சா தரை இருக்காது. அலை திரும்பறப்ப காலோட வாரிக்கும்."

"ஆளே இல்லையே, நிம்மதியா நனையலாம்னு..."

"ஆளில்லாத எடத்துல எறங்கினா, இழுத்துக்கினு போனா யார் சார் பாப்பாங்க?"

இதற்கு ஆன்டிகுவாவிலும் பதில் இருக்காது. நம் கரைக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொள்ளத் தீவு எதுவும் இல்லை. வங்கக் கடல் நேரே வந்து மோதுகிறது. கப்பலில் வந்த வெள்ளைக்காரன்கூடச் சென்னையில் துறைமுகம் கட்டும் வரைக்கும் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டு, ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகில், நம் ஆட்கள் துடுப்புப் போட, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கரையேறினான். குளிக்கத்தான் வேண்டும் என்றால் வடக்கே கோவளம் இருக்கிறது. 2021-இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை. கழிப்பறை உண்டு, உயிர்காப்பாளர் உண்டு. ஆகவே கூட்டமும் உண்டு. அன்று கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தோம். சுண்டல் வாசனை பட்டதும் என் குடும்பத்துக்கு உயிர் வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி, கடைகளைப் பார்த்து வட்டமாக உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் புடவையைப் பற்றிப் பேசி மகிழ்ந்தார்கள். நம்மவர்கள் கடற்கரைக்குப் போவது ஜனத்தைப் பார்க்க. கடல் ஒரு சாக்கு.

திருவிடந்தை மணலும் எப்போதும் சாதுவாக இருந்ததில்லை. 2018 ஏப்ரலில் நாட்டின் ராணுவத் தளவாடக் கண்காட்சி இங்கேதான் நடந்தது. நான் சங்கு பொறுக்கிய கரையோரம் டாங்கிகள் அணிவகுத்தன. 2024 ஆகஸ்டில் சுற்றுலாத் துறையின் பன்னாட்டுப் பட்டத் திருவிழா. ராட்சதப் பட்டங்களை அண்ணாந்து பார்க்கச் சென்னையே திரண்டது. அதற்கும் முந்தி, 1752-இல், பக்கத்துக் கோவளத்துக் கோட்டையை ராபர்ட் கிளைவ் பிடித்தார். பிறகு அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவரும் அமைதி தேடி வந்த ஆசாமி இல்லை.

அமைதியைத் தேடுவதில் நமக்கெல்லாம் மூத்தது பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை, நடுராத்திரியாகப் பார்த்து, ஆளரவம் இல்லாத மணலில் ஏறி முட்டையிடும். அதற்கும் தனிமை வாய்ப்பதில்லை. வனத்துறை ஆட்களும் தன்னார்வலர்களும் நாய்க்கும் நரிக்கும் முந்தி அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்க ராத்திரியெல்லாம் கரையில் நடக்கிறார்கள். இந்தக் கூட்டத்தை ஆமை மன்னிக்கலாம்.

நானும் ஒரு கூட்டத்தை மன்னிப்பேன். மாசி மகத்துப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுவார்கள். புடவையைக் குச்சிகளில் கட்டிக் குடில் போட்டு, ராத்திரி மணலிலேயே படுத்து, விடியலில் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணமும் முடிப்பார்கள். கடலைப் பார்க்காமல் காரைத் திருப்ப இடம் தேடுகிற நாம்தான் அங்கே நெரிசல்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, வீட்டில் சொல்லாமல் திருவிடந்தைக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். விடிகாலை ஆறு மணிக்குப் போனால் அது ஒரு தொழிற்கூடம். படகு வந்து ஏறுகிறது; வலையை உதறினால் நெத்திலி துள்ளுகிறது; அன்னக்கூடையோடு பெண்கள் விலை பேசுகிறார்கள்; காகம் தன் பங்கைக் கேட்கிறது. அமைதி வேண்டும் என்று அங்கே போய் நிற்பவன் அடுத்தவர் ஆபீஸில் போய் நிற்கிறான் என்று பொருள். "ஓரமா நில்லு சார்" என்று ஒரு அம்மா சொன்னது நியாயம்தான். சாயங்காலம் போனால் சவுக்குத் தோப்பில் பாட்டில்கள் கூடியிருக்கும். அவற்றோடு வந்தவர்களுக்கும் ஆளில்லாத இடம்தான் வேண்டும், நம்மைப் பிடிக்காது. பகலில் மணல் கொதிக்கும். மிச்சம், படகு வேலை முடிந்து வெயில் ஏறுவதற்கு முன் இருக்கிற கொஞ்ச நேரம்தான். ஏழரையிலிருந்து ஒன்பது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டிகுவாக்காரன் கப்பல் அட்டவணையைப் பார்ப்பது போல நாம் தினசரி காலண்டரைப் பார்க்க வேண்டும். காணும் பொங்கலா, வீட்டில் இருங்கள். பௌர்ணமி, வளர்பிறை முகூர்த்தம், புரட்டாசிச் சனி, பள்ளி விடுமுறை, தொடர் விடுப்பு எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். சனி, ஞாயிறு பேச்சே இல்லை. அடித்ததுபோக மீதி இருப்பவை செவ்வாயும் புதனும்தான். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதீர்கள். வலை காய்கிற இடத்தில் துண்டு விரிக்காதீர்கள்.

புதன்கிழமை நான் போகிறேன். நீங்கள் செவ்வாயை வைத்துக்கொள்ளுங்கள்.