கல்லுக்கு யாரு மெமோ குடுப்பாங்க?

இன்னா தம்பி, சேப்டி ஆபீசர் ஆயிட்டியாமே! மண்டைல புது ஹெல்மெட்டு, கைல நோட்டு. எண்ணூர் ரோட்டுல டிரெய்லருங்களுக்கு நடுவுல சைக்கிள் மிதிச்சே தாடி நரைச்ச கெழவன் சொல்றேன், கேட்டுக்க. விபத்து ஆச்சுன்னா விசாரணை நடத்த ஊர்ல ஒரு மொறை கீது.

மொதல்ல, “ஒண்ணும் ஆவல”ன்னு அறிக்கை வுடு. 2017 ஜனவரி 28, விடியக்காலம். காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய, கேஸ் எறக்கிட்டுக் கெளம்புன பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், எண்ணெய் ஏத்திக்கினு வந்த டான் காஞ்சிபுரமும் மோதிக்கிச்சு. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லேன்னு துறைமுகம் அன்னிக்கே சொல்லிருச்சு. கடலுக்குத்தான் படிப்பு ஏறல. எர்ணாவூர் கரையில கொழகொழன்னு கருப்பு எண்ணெயக் கொண்டாந்து தள்ளிச்சு. அத அள்ளுறதுக்குப் பசங்க கைல குடுத்தது பிளாஸ்டிக் பக்கெட்டு.

ரெண்டாவது, இருக்கறதுலயே சம்பளம் கம்மியான ஆளாப் பாத்துப் புடி. கான்ட்ராக்ட் லேபரா இருந்தா ரொம்ப விசேஷம். “கவனக்குறைவு”ன்னு எழுதி பைலைக் கட்டிரு. வால்வு ஏன் துருப்புடிச்சுது, அவன் ஏன் ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்தான்னு கேட்டுக் கீட்டு வெச்சுடாத. கேள்வி மாடியேறி மேனேஜர் ரூமுக்குப் பூடும்!

ஆனா 2023ல ஒரு பேஜாரு ஆயிடுச்சு. டிசம்பர் 26 ராத்திரி, பெரியகுப்பத்துல. கோரமண்டல் கம்பெனிக்குக் கப்பல்லேருந்து அம்மோனியா கொண்டார கடலடிக் குழாய் கசிஞ்சுது. தூங்கிக்கினு இருந்த ஜனம் கண்ணெரிஞ்சு, மூச்சு முட்டி, புள்ளைங்களத் தூக்கிக்கினு ஓடிச்சு. அரசு போட்ட நிபுணர் குழு வந்து பாத்தா, மிக்ஜாம் புயல்ல பாறாங்கல்லு நவுந்து குழாயைச் சேதம் பண்ணிருக்கும்னு சந்தேகம். கல்ல சஸ்பெண்டு பண்ண முடியுமா? “யாரு”ன்றத வுட்டு “எப்படி”ன்னு கேக்க வேண்டியதாப் போச்சு. கேட்டதும் பாரு, குழாயவே மாத்து, கசிஞ்சா தானா நிக்கற ஏற்பாடு வையின்னு உருப்படியான பேச்சு வந்துச்சு.

அதனால, சிக்கறவன் மனுசனா இருந்தாலும் கல்லுன்னே நெனச்சுக்கினு விசாரி. “நேத்து கொக்கி வழுக்கிச்சு சார், மயிரிழைல தப்பிச்சோம்”னு ஒருத்தன் தானா வந்து சொன்னா, மொதல்ல டீ வாங்கிக் குடு. அப்புறம் போய் கொக்கியப் பாரு. மெமோ குடுத்தியோ, அடுத்த தபா அவன் சொல்ல மாட்டான். ஸ்டான்லி ஆஸ்பத்திரிலேருந்து போன் பண்ணித்தான் சொல்லுவாங்க.