பை நிறைய வேளாண்மை

மாடு வைத்திருப்பவரால் எந்த வேளாண் மாநாட்டிலும் முழுதாக உட்கார முடியாது. மத்தியானம் இரண்டரை ஆனதும் சாயங்காலக் கறவையும் பால் சொசைட்டியும் நினைவுக்கு வந்துவிடும். மேடையில் டாக்டர் மடிவீக்க நோய்க்கு மருந்து சொல்லும் நேரத்தில் அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். மல்லிகைக்காரர் வரவே மாட்டார். தென்னைக்காரர் கதை வேறு. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை காய் வெட்டு. நடுவில் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் இருக்கிறது. மோட்டாரைப் போட மனைவி இருக்கிறார். தமிழ்நாட்டில் விவசாயக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் பொள்ளாச்சிப் பக்கத்து அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஊரில் அவருக்குப் பெயர் 'கூட்டத்து அண்ணன்'. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பச்சைத் துண்டு பைக்குள் இருக்கும். டிவிக்காரர்கள் கேமராவைத் தூக்கினால் அது தோளுக்கு வந்துவிடும். தோப்பு ஏழு ஏக்கர். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயி என்றால் 100 சதவீத மானியம், ஐந்து ஏக்கரைத் தாண்டினால் 75 சதவீதம்தான் என்று ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்த மறுவாரமே இரண்டு ஏக்கரை மனைவி பெயருக்கு மாற்றினார். அன்றிலிருந்து தாலுகா அலுவலகத்தில் அவர் சிறு விவசாயி. கல்யாணப் பத்திரிகைகளில் மட்டும் இன்னும் பெரிய தோட்டத்துக்காரர்.

காலண்டரில் சித்திரை, வைகாசி, முகூர்த்தம், அமாவாசை எதுவும் அவர் கண்ணில் படாது, கூட்டங்கள்தான் படும். தைப்பொங்கல் முடிந்தால் வேளாண் பட்ஜெட்டுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். 2021இல் தமிழக அரசு விவசாயத்துக்கென்று தனி பட்ஜெட் போட ஆரம்பித்ததை அதிகம் கொண்டாடியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு கூட்டம் கூடிப்போயிற்றே. கோடையில் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா. ஜூலையில் கோவை கொடிசியா கண்காட்சி. டிசம்பர் 23, சரண்சிங் பிறந்த நாள், தேசிய உழவர் தினம். இவற்றுக்கு இடையில் மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்துவிட்டால் ஜூலையில் தஞ்சாவூர்க்காரர் குறுவைச் சேற்றில் நிற்பார். கொடிசியாவில் அவருக்கும் சேர்த்து அண்ணனே கேள்வி கேட்டுவிடுவார்.

நெல் திருவிழாவுக்கு அவர் போவதில் ஒரு விசேஷம். மறைந்த 'நெல்' ஜெயராமன் தொடங்கி வைத்த வழக்கப்படி, பாரம்பரிய நெல் விதை இரண்டு கிலோ வாங்குகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். தென்னந்தோப்பை மட்டும் வைத்திருக்கிற அண்ணன் மாப்பிள்ளைச் சம்பா இரண்டு கிலோ வாங்கி வந்தார். மாமனார் ஊரில் கொடுத்து விதைக்கச் சொன்னார். மறுவருஷம் நான்கு கிலோவைக் கொண்டுபோய்க் கொடுத்து, மேடையில் துண்டும் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளைச் சம்பா என்றால் மாமனார்தானே விளைவிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கண்காட்சியில் அவரைப் பார்க்க வேண்டும். முதல் காரியம் பை. உரக் கம்பெனியோ டிராக்டர் கம்பெனியோ, நல்ல காதுப்பிடி வைத்த பை எந்த ஸ்டாலில் கொடுக்கிறார்கள் என்பதை உள்ளே நுழைகிறபோதே அடுத்தவர் தோளைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகுதான் நோட்டீஸ், பேனா, தொப்பி. டிரோன் ஸ்டாலில் நிற்கிற புதுப் பையனுக்கு இவரைத் தெரியாது.

"தம்பி, இதுல எத்தனை லிட்டர் புடிக்கும்?"

"பத்து லிட்டருங்க. ஆள் வச்சு அடிக்கிறதுல பாதி நேரங்கூட ஆகாதுங்க."

"மானியம் போக எவ்வளவு வரும்?"

"முழு விலையைச் சொல்லட்டுங்களா?"

"அதை எதுக்குப்பா சொல்றே? நல்லாத்தானே பேசிட்டிருந்தே."

பையன் சளைக்காமல் போன் நம்பர் கேட்பான். அண்ணனும் தயங்காமல் கொடுப்பார், மச்சான் நம்பரை. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அந்த மச்சானுக்கு வருஷம் முழுக்க ரோட்டவேட்டர், பவர் வீடர், மண்புழு உரம் விற்பவர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள்.

இத்தனை கண்காட்சிகளில் அவர் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள், செல்போனில் மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர். அதுவும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் கூட்டத்தில் இருக்கலாமே என்றுதான். ஒருமுறை நுண்ணீர்ப் பாசனக் கருத்தரங்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்று நிபுணர் பேசிக்கொண்டிருக்க, அண்ணன் பெருமையாகப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டிவிட்டு மோட்டாரைப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் வீட்டிலிருந்து அழைப்பு. பைப் கழன்று தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

கேள்வி நேரம் அவருக்காகவே ஒதுக்கப்பட்டது. "ஐயா, ஒரே ஒரு சின்னக் கேள்வி" என்று மைக்கைக் கையில் வாங்குவார். அதன் பிறகு மைக் வாங்கியவர்தான், கொடுத்தவர் இல்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் ஆரம்பித்து, 1970ஆம் வருஷ ஒப்பந்தத்துக்கு வந்து, கேரளத்தைக் கொஞ்சம் கண்டித்து, கொப்பரை விலையில் குரல் தழுதழுத்து, நன்றி வணக்கம் சொல்லி உட்காருவார். எல்லாரும் கை தட்டுவார்கள். பதில் சொல்ல எழுந்த விஞ்ஞானி மட்டும் கேள்வி எது என்று தாளில் தேடிக்கொண்டிருப்பார்.

ஆனால் விஷய ஞானத்தில் ஆளை அசைக்க முடியாது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ தலைகாட்டியதிலிருந்து அதைப் பற்றி நடந்த கூட்டம் ஒன்றையும் அவர் விட்டதில்லை. மருந்து அடிக்கக் கூடாது, அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் செத்துப்போகும். என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இருக்கிற ஓலைத் துண்டைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் தொங்கவிட வேண்டும். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் தோப்பில் கரும்பூசணம் படிந்து ஓலையெல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல் நிற்கும்.

"ஏனுங்க, அந்த மஞ்சத்தாளு சுருட்டி வச்சபடியே கெடக்குது. நாலு மரத்துக்காச்சும் கட்டிட்டுப் போங்களேன்."

"இன்னைக்கு அதைப் பத்தித்தான் அம்மிணி கருத்தரங்கே. கேட்டுட்டு வந்துடறேன்."

அம்மிணி பதில் பேசாமல் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு தோப்புக்குள் போய்விடுவார்.

இப்படி ஒரு மனிதரை யார் வளர்த்துவிட்டார்கள் என்று கேட்டால், அதிகாரிகள் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். நாளைக்குப் பயிற்சி, நாற்பது பேர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், மேலிடத்துக்குப் போட்டோ போக வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் உத்தரவு வரும். அந்த ஆபீசர் யாரைக் கூப்பிடுவார்? "அண்ணா, காலையில பத்து மணிக்கு ஒரு நாற்பது பேர்…" என்றால் போதும். பத்தே காலுக்கு நாற்பத்து மூன்று பேர் நிற்பார்கள். கூடுதல் மூன்று, மதியம் மாடு கறக்கப் போகிறவர்களுக்கு மாற்று. கடலை பயிரிடுகிறவர் கடலை விளைவிக்கிறார். அண்ணன் கூட்டத்தை விளைவிக்கிறார். முன்னோடி விவசாயி என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்ததில் தப்பே இல்லை.

அவரைக் கேலி செய்கிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தையும் எட்டிப் பார்க்காத பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொட்டுநீர் மானியம் கிடைத்தது இவரால். உழவன் செயலியில் பதிவது எப்படி, எந்த நகலில் யார் கையெழுத்து வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் இவர்தான். அந்தத் தோப்பு இப்போது பச்சைப்பசேல் என்று இருக்கிறது. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆகவே கூட்டம் நடத்தும் புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். பையை வாசலில் கொடுக்காதீர்கள். கடைசிப் பேச்சு முடிந்த பிறகு கொடுங்கள். கறவைக்காரர்கள் வீடு திரும்ப வேண்டும், ஆகவே குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாவற்றையும் சுருக்கி, விஷயத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அழைப்பிதழில் பெயர் எழுதும்போது பட்டாவை ஒருமுறை சரிபாருங்கள். அந்த இரண்டு ஏக்கர் அம்மிணி பெயரில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள். அண்ணன் அன்றைக்கு வீட்டில் இருந்து மஞ்சள் தாளைக் கட்டட்டும்.