கோச் ஆயிட்டீராமே, மருமவனே!

வாரும் மருமவனே, உக்காரும். கழுத்துல விசிலு, கையில நோட்டு. பள்ளிக்கூடத்துப் பொம்பளப் பிள்ளைகளுக்கு வாலிபால் கோச் ஆயிட்டீராமே! உங்க அம்மைக்குத் தலைகால் புரியலை, தெரு முழுக்கச் சொல்லியாச்சு. நீரு காலேஜுல ஆடும்போது கைதட்டித் தட்டிச் செவந்த கை இது. ரெண்டு வார்த்தை சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீரே?

முதல் நாளே நெட்டுக்கு மேல எகிறி அடிச்சுக் காட்டுனீராம், பிள்ளைக வாயைப் பொளந்துச்சாம். நல்லது. ஆம்பளை நெட்டு 2.43 மீட்டர், பொம்பளை நெட்டு 2.24. அந்த 19 சென்டிமீட்டர் கணக்கு பிள்ளைகளுக்கு எங்க தெரியப் போவுது! தெனமும் நீரே அடியும், அதுக ஓடி ஓடிப் பந்து பொறுக்கட்டும். பொறுக்குறதுக்கு ஒரு போட்டி வச்சாகன்னா மாவட்டத்துல நம்ம டீம்தான் முதல்.

ஒருத்தி கேட்டாளாம், "சார், எப்பம் குதிக்கணும்?"னு. "அது தானா வரும்"னு சொன்னீராம். உமக்குத் தானா வந்துச்சு, சரி. அப்பம் அவளுக்கும் தானா வரட்டும், உமக்குச் சம்பளம் எதுக்கு வே? செட்டர் கையை விட்டுப் பந்து கெளம்பும்போது எங்க நிக்கணும், வலது கைக்காரிக்குக் கடைசி எட்டு எந்தக் காலு? இடதுல்லா! உம்ம காலுக்கு அது அத்துப்படி. வாய்க்குத்தான் தெரியாது.

எங்க காலத்துல சர்வீஸ் போட்ட பக்கத்துக்குத்தான் பாயின்ட்டு, 15ல செட்டு முடியும். தப்புப் பண்ணிட்டுத் தலையைச் சொறிய நேரம் கெடைக்கும். இப்பம் எவ தப்புப் பண்ணுனாலும் எதிராளிக்குப் பாயின்ட்டு, 25ல செட்டே போயிரும். வார சர்வீஸை ஒழுங்கா எடுத்து செட்டர் தலைக்கு மேல குடுக்க ஆளில்லைன்னா உம்ம ஸ்மாஷை வச்சு என்ன செய்யப் போறீரு, உப்புப் போட்டு ஊறுகாயா?

கார்ச் கிராலின்னு ஒரு அமெரிக்காக்காரர். காலேஜுலயே மூணு தரம் வாலிபால் சாம்பியன் பட்டம். 1984லயும் 1988லயும் ஒலிம்பிக் தங்கம், 1996ல மணல்ல ஆடி இன்னொண்ணு. அடிக்கவர் மட்டுமில்லை, 1984ல எதிராளி சர்வீஸை எடுக்க அமெரிக்க டீமு ரெண்டே பேரைத்தான் நம்புச்சு, அதுல இவரு ஒருத்தர். அப்பேர்ப்பட்ட ஆளு கோச்சிங்குக்கு வந்தப்பம் என்ன செஞ்சாரு? அவங்க நாட்டுப் பெண்கள் டீமுல இன்னொருத்தருக்குக் கீழ உதவிக் கோச்சா உக்காந்தாரு. 2012 லண்டன்ல வெள்ளி வாங்குன பொறவுதான் தலைமை. டோக்கியோவுல அந்தப் பொம்பளைக தங்கம் வாங்குனாக, ஆறு பேரு ஆடுற ஆட்டத்துல அவங்களுக்கு அதான் முதல் தங்கம். அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம ஜி.இ. ஸ்ரீதரன் ஆடி அர்ஜுனா வாங்குனாரு, சொல்லிக் குடுத்துத் துரோணாச்சாரியாவும் வாங்குனாரு. நீரு பல்கலைக்கழகக் கப்பு ஒண்ணை வச்சுக்கிட்டு, பி.டி. மாஸ்டரு பக்கத்துல ஸ்டூலு போட்டா கவுரவம் கொறையுதுங்கீரு!

டைம் அவுட்டு 30 வினாடி. அதுல உம்ம பழைய செமி பைனல் கதையை ஆரம்பிச்சிராதீரும். ஆரம்பிச்சா எனக்கே முடியுத வழி தெரியலை, பிள்ளைக பாவம்லா?

பட்டியாலாவுல கோச்சிங் டிப்ளமா நடத்துதாக, மனசு வச்சாப் போயிட்டு வாரும். ஆனா இந்த ஊரு பாடத்தை அங்கன நடத்த மாட்டாக. "என் மவளை முன்னால நிறுத்தும்"னு டீக்கடைக்காரர் வருவாரு, பந்து வாங்கித் தந்த முதலாளி வருவாரு. ஒருத்தருக்கு எளகுனீரு, தொலைஞ்சீரு. எல்லாரையும் சிரிச்சுக்கிட்டே அனுப்பிரும்.

ஆங், நம்ம பேத்தி நாளைக்கு வாரா. செட்டருக்குத் தோதான விரலு. சிபாரிசெல்லாம் இல்லை வே, சும்மா தகவல் சொல்லுதேன். ஆறு பேருல ஒருத்தியா எழுதிக்கிடும்.