செம்பு தட்டுற கிழவி

என்னத்தா, காலங்காத்தால மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்க? நான் செம்பத் தட்டுனதுக்குக் கோவமா? பிள்ளை முழிச்சு வெளையாடும்போதுதானே தட்டுனேன். "அம்மாச்சிக்கு வயசாக ஆகக் கிறுக்குப் புடிக்குது"ன்னு உங்கம்மாகிட்ட முணுமுணுத்தியே, அதுவும் விழுந்துச்சு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. காதப் பத்திப் பெறகு வர்றேன்.

மொதல்ல அந்தப் போனு என்ன சொல்லுச்சு, அதச் சொல்லு. ஏழு மாசம் முடிஞ்சும் உன் மக தானா உக்காரலையான்னு கேக்குதாக்கும்? கேக்கட்டும். அது எத்தன பெத்துச்சாம்? பிள்ளை சிணுங்குனாலும் ஓடுற, போனு சிணுங்குனாலும் ஓடுற. ரெண்டுல எது நீ பெத்ததுன்னு எனக்கே சமயத்துல தட்டழியுது.

மேலத்தெருக்காரி மக ஆறு மாசத்துலயே உக்காந்துட்டாளாம், வாட்சப்புல படம் போட்டிருக்காளாம். நானுந்தான் பாத்தேன் அந்தப் படத்த. பின்னால ரெண்டு தலகாணி, ஓரத்துல ஒரு கை. அது யாரு கைன்னு கேட்டியா நீ? அந்தப் பித்தள வளையல இந்த ஊர்ல ஒருத்திதான் போட்டிருக்கா. அவ பாட்டி! கிழவி கைய எடுத்திருந்தா பிள்ளை பொத்துன்னு சாஞ்சிருக்கும். படத்துல பாதிய வெட்டிப் போடுறாளுக, நீ இங்க முழுசா அழுற.

நான் பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காதவ, எனக்கென்ன தெரியும்? ஆனா புதன்கிழமையான்னா ஊசி போட வர்ற நர்சம்மா நம்ம திண்ணையிலதான் ஒரு செம்பு மோர் குடிப்பாக. ஒரு செம்புக்கு ஒரு சேதின்னு நான் வாங்கி வச்சுக்குவேன். அப்படி வாங்குனதுதான் இது. உலக சுகாதார நிறுவனம்னு இருக்காமே, அவுக நம்ம நாடு, ஓமன், கானா, நார்வே, அமெரிக்கான்னு அஞ்சு தேசத்துல 816 பிள்ளைகள வீடு தேடிப் போய்ப் பாத்து, 2006-ல ஒரு கணக்குப் போட்டாகளாம். புடிமானம் இல்லாம உக்கார 3.8 மாசத்துலருந்து 9.2 மாசம் வரைக்கும் ஆகுதாம். தானா நடக்க 8.2-லருந்து 17.6 மாசமாம். மாசத்துக்குப் புள்ளி வைக்கிறத அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன். நாங்க கோலத்துக்கு மட்டுந்தான் வைப்போம்.

பாத்தியா, ஒரே வேலைய ஒரு பிள்ளை எட்டு மாசத்துல செய்யுது, இன்னொண்ணு ஒன்றரை வருசத்துல செய்யுது. ரெண்டும் நல்ல பிள்ளைதான். ரெண்டும் பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப ஒரே மாதிரிதான் அழுதுக்கிட்டுப் போகும். அதுலயும் நூத்துக்கு நாலு பிள்ளை முட்டி போட்டுத் தவழவே தவழாம எந்திரிச்சு நின்னுருச்சாம். உன் பெரிய மாமன் அந்த நாலுல ஒருத்தன். உக்காந்த வாக்குலயே பின்பக்கத்தால நகந்து நகந்து வீடு பூராக் கூட்டிப்புட்டான். அந்த வருசம் எனக்கு வெளக்கமாத்துச் செலவு மிச்சம்.

இன்னொண்ணு கேளு. நம்ம தமிழ் வாத்தியார் இருந்தாரே, அவரு சொல்லுவாரு, பிள்ளைத்தமிழ்னு பாட்டு இருக்காம், அதுல பிள்ளை வளர்றத பத்துப் பருவமாப் பிரிச்சு வச்சிருக்காகளாம். அஞ்சாம் மாசம் செங்கீரை, தலையத் தூக்கி அசைஞ்சாடுறது. ஒம்பதாம் மாசம் சப்பாணி, கை கொட்டுறது. குமரகுருபரர் மீனாச்சி மேலயே அப்படிப் பாடியிருக்காராம். மதுர மீனாச்சியே ஒம்பது மாசம் ஆகித்தான் கை தட்டுனா. உன் மக ஏழு மாசத்துலயே தட்டணுமா? அவளுக்கு எந்த ஊர்ல கோயில் கட்டப் போற?

எங்க காலத்துல பிள்ளை குப்புற விழுந்தாப் பலகாரம், வாசப்படி தாண்டுனாக் கொழுக்கட்ட. பிள்ளை சீக்கிரம் செஞ்சுச்சா, சொணங்கிச் செஞ்சுச்சான்னு ஒருத்தியும் கேக்க மாட்டா. கொழுக்கட்டைக்குள்ள பூரணம் இருக்கான்னுதான் புட்டுப் பாப்பாளுக.

உன் மாமியா அனுப்பிவிட்டிருக்காகளே, நடுவுல பிள்ளைய எறக்கிவிடுற அந்த வட்ட வண்டி, சக்கரமும் பொம்மையுமா, அதத் தேடாத. மச்சுல இருக்கு, நான் அதுல மொளகா வத்தல் காயப் போட்டிருக்கேன். கனடாவுல அத விக்கவே கூடாதுன்னு 2004-லயே தடை போட்டுட்டாகளாம். நுனிக்கால்ல உந்தி உந்தி அது பறக்கும். படிக்கட்டும் தெரியாது, அடுப்பும் தெரியாது. சீக்கிரம் நடக்க வைக்கும்னு வாங்குறாக, உள்ளதுல நடை தாமசந்தான் ஆகும். ஆசாரி செஞ்ச மூணு சக்கர நடைவண்டி வேற. அதப் பிள்ளை தள்ளும். இது பிள்ளையத் தள்ளிவிடும். உன் மாமியா போன் பண்ணுனா, "பிள்ளை வண்டியவிட்டு எறங்கவே மாட்டேங்குறா அத்தை"ன்னு சொல்லு. மொளகா காய்ஞ்சதும் ஒரு கிலோ அனுப்பிவிடுவோம்.

போன மட்டும் வையிறா கிழவின்னு நெனைக்காத. எங்க கூத்தக் கேட்டா நீ வாயில அடிச்சுக்குவ. பசு கன்னு போட்டா அந்தச் சீம்பாலக் கருப்பட்டி தட்டிப் போட்டுக் காய்ச்சி வீடே வட்டமா உக்காந்து திம்போம். பெத்தவளுக்கு மஞ்சளா மொதப் பால் சுரந்தா, "கெட்ட பாலு"ன்னு பீச்சி அடுப்புச் சாம்பல்ல ஊத்துவோம். கன்னுக்குட்டிக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியல. பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பிள்ளைய மாருல போடணும், நோயத் தடுக்குற சத்தெல்லாம் அந்தப் பால்லதான் இருக்குன்னு நர்சம்மா சொன்னப்ப, ஏழு பெத்தவ ஏழு தடவ தலையில அடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் சேனை, பொறந்த பிள்ளை நாக்குல தொட்டு வைக்கிறது. யாரு வைக்கிறாகளோ அவுக குணம் பிள்ளைக்கு வருமாம். உனக்கு வச்சது நான், அதான் உனக்கு இம்புட்டு வாய். ஆனா நான் தொட்டு வச்ச தேன் இருக்கே, ஒரு வயசுக்குள்ள அது ஆகவே ஆகாதாம். தேன்ல ஒரு கிருமியோட வித்து கெடக்குமாம். நமக்கு ஒண்ணும் பண்ணாது. பச்சப்பிள்ளை வயித்துல மொளச்சு விஷமாகி, கை காலு தொவண்டு போகுமாம். நீ தப்பிச்சது உன் நல்ல நேரம். இப்பவும் தெருவுல கழுதையப் புடிச்சுக்கிட்டு ஒரு சங்குப் பால் ஊத்த வருவான், கழுதைப்பால் குடிச்சாக் குரல் நல்லா வரும்னு. கழுதை குரலக் கேட்ட பெறகுமா அத நம்புறாக? மூக்குல ஊதுறது, காதுல எண்ணெ ஊத்துறது, கண்ணுக்குள்ள மை இழுக்குறது எல்லாத்தையும் நானும் செஞ்சவதான். இப்ப ஒண்ணும் கெடையாது. மையில ஈயம் கலந்திருந்தாப் பிள்ளை மூளைக்குக் கேடாம். கண்ணேறு படும்னு பயந்தா உள்ளங்கால்ல ஒரு பொட்டு வையி, போதும்.

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணி கூட வேண்டாம்னாக. "நம்ம கரிசக்காட்டு வெயிலுக்குமா?"ன்னு மடக்குனேன். தாய்ப்பால்ல நூத்துக்கு 87 பங்கு தண்ணிதானாம். நம்ம பால்காரன் மேல வச்சிருந்த கோவம் அன்னைக்குக் கொஞ்சம் தணிஞ்சது.

ஆனா ஆறு மாசம் ஆச்சுன்னா பால் மட்டும் பத்தாது. பசும்பால் ஒரு வயசுக்குப் பெறகு. அதுவரைக்கும் கேவுரப் பால் காய்ச்சு, பருப்பும் சோறும் கொழையக் கொழையப் பெசஞ்சு நெய் விடு, முட்டைய நல்லா அவிச்சு மசிச்சு ஊட்டு. உப்பு சீனி எதுக்கு, அவ என்ன கல்யாண வீட்டுக்கா வந்திருக்கா? நீ ஊட்டுறியே கஞ்சி, அத நேத்துப் பாத்தேன். கரண்டியச் சாச்சா ஓடுது. சாச்சாலும் நிக்கணும். பிள்ளை வயிறே உள்ளங்கை அளவு, அதுல பாதியத் தண்ணிக்குக் குடுத்துட்டா சத்து எங்க போய் உக்காரும்? "மெலிஞ்சிருக்காளே"ன்னு வர்றவ போறவ எல்லாம் சொல்றாளுகன்னு கலங்காத. பொறந்தப்ப இவ 2 கிலோ 800. அஞ்சு மாசத்துல ரெட்டிச்சுதா? ரெட்டிச்சுது. ஒரு வயசுல மூணு மடங்காச்சுன்னா சரி. அங்கன்வாடித் தராசு சொல்றத நம்பு, அடுத்த வீட்டுக்காரி கண்ணு சொல்றத நம்பாத. அவ கண்ணு எப்பவும் உன் வீட்டுப் பண்டத்தக் கொறச்சுத்தான் நிறுக்கும்.

வாய் தொறக்கணும்னு போன்ல பொம்மைய ஓடவிட்டு ஊட்டுறியே, அது என்ன பழக்கம்? ரெண்டு வயசு வரைக்கும் தெரையே காட்டக் கூடாதுன்னு நம்ம நாட்டுப் பிள்ளை டாக்டர்மாரு சங்கமே சொல்லியிருக்காகளாம். தூரத்துல இருக்குற அப்பன் மூஞ்சியப் பாக்க மட்டும் காட்டலாமாம். பொம்மை பேசும், ஆனா நம்ம பிள்ளை "ங்கா"ன்னா திருப்பி "ங்கா"ன்னு சொல்லுமா? நான் சொல்லுவேன். வேல வெட்டி இல்லாத கிழவி, நாள் பூராச் சொல்லுவேன். சம்பளமும் கேக்க மாட்டேன், வெத்தலைக்கு மட்டும் பாத்துக்க.

இப்பச் செத்தக் கிட்ட வா. காதப் பத்திச் சொல்றேன்னேன்ல.

ஏழு பெத்தேன்னு சொன்னேன், அஞ்சுதான் நிக்குது. ஒண்ணு பொறந்த மூணா நாள். ஒண்ணு மணல்வாரி அம்மையில, நடக்க ஆரம்பிச்சிருந்தது. ஒம்பது மாசம் முடிஞ்சதும் இப்பப் போடுறாகளே ஒரு ஊசி, அது அந்த அம்மைக்குத்தான். அன்னைக்கு எங்களுக்கு வேப்பிலை மட்டுந்தான் இருந்துச்சு.

உன் சின்ன மாமன் தொட்டில்ல கெடந்தப்ப எதுத்த வீட்டுல கல்யாணம். சிவகாசிப் பக்கத்து ஊரு, வெடிக்குக் கேக்கணுமா? பத்தாயிரம் வாலா, ஓட்டுக்கூரை அதிருது, கோழியெல்லாம் செவரேறுது. இவன் அசையல. "எம்புட்டு நல்ல பிள்ளை, தூக்கத்தப் பாரு"ன்னு எல்லாருகிட்டயும் பெருமை பேசுனேன். கண்ணு பட்டுரும்னு அன்னைக்கு ராத்திரியே மொளகா சுத்திப் போட்டேன்.

ஒரு வயசுல பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். வீம்புக்காரன்னேன். ரெண்டு வயசுல ஒரு சொல்லு வரல. "இவுக அப்பாவே மூணு வயசுலதான் வாயத் தொறந்தாக"ன்னேன். நாக்குல வசம்பத் தடவுனேன். கோயிலுக்கு வெங்கல மணி வாங்கிக் கட்டுறதா நேந்துக்கிட்டேன். நாலு வயசுலதான் மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் அவன் பின்னால போய் நின்னு கை தட்டுனாரு. மறுபடி தட்டுனாரு. அம்புட்டுத்தான், எனக்கே வெளங்கிப் போச்சு. அந்த மணி இப்பவும் கோயில்ல தொங்குது. அவனத் தவிர ஊரே கேக்குது.

அவனுக்கென்ன, அச்சாபீசுல நல்ல வேலைக்காரன், மகராசனா இருக்கான். ஆனா அந்த நாலு வருசத்த நான் தின்னுட்டேன். "பொறுத்துப் பாப்போம், போகப் போகச் சரியாயிரும்"ன்னு சொல்லிச் சொல்லியே தின்னேன். இப்பப் பொறந்த ரெண்டு மூணு நாள்லயே கருவி வச்சுக் காதச் சோதிக்கிறாக. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்குள்ள கருவி வச்சு ஆபரேசனே பண்ணிவிடுறாக.

அதனால, உக்கார்றதுக்கும் தவழ்றதுக்கும் நீ மேலத்தெருவப் பாக்காதன்னு சொன்ன இதே கிழவிதான் இதையுஞ் சொல்றேன், கேட்டுக்க. ரெண்டு மாசம் தாண்டி மூணாகியும் மொகத்தப் பாத்துச் சிரிக்கலையா, அஞ்சு மாசத்துல தல நிக்கலையா, பத்து மாசத்துல உக்காரலையா, ஒரு வயசுல பேர் சொன்னாத் திரும்பலையா, ஒன்றரை வயசுல நடக்கலையா, ரெண்டு வயசுல ரெண்டு சொல்லச் சேத்துச் சொல்லலையா, அன்னைக்கே தூக்கிட்டுப் போ. வந்த பேச்சோ நடையோ இடையில நின்னு போச்சுன்னா, சோறு தின்னுட்டுப் போவோம்னு கூட உக்காராத. குறை மாசத்துல பொறந்த பிள்ளைன்னா அந்த மாசத்தக் கழிச்சு எண்ணணும், அது தனிக் கணக்கு. "அவன் அப்பனும் அப்படித்தான்"னு எந்தக் கிழவியாச்சும் மறிச்சு நின்னா, அது நானாவே இருந்தாலுஞ் சரி, விலக்கிவிட்டுட்டுப் போ.

இவளுக்கு ஆஸ்பத்திரியிலயே காதச் சோதிச்சுட்டாக, சீட்டுல எழுதியிருக்கு, தெரியும். இருந்தாலும் இந்த வீட்டுல பொறந்த பேரன் பேத்தி ஒவ்வொண்ணுக்கும் பின்னால நின்னு நான் செம்பத் தட்டியிருக்கேன். உனக்கும் தட்டுனேன். நீ திரும்பிப் பாத்து வீல்னு கத்துன. உங்கம்மா என்னைய வஞ்சா. நான் அன்னைக்கு ரெண்டு வாய் சோறு கூடுதலாத் தின்னேன்.

இன்னைக்குக் காலையில இவளும் திரும்புனா. செம்பப் பாக்கல, என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சா.

நாளைக்குப் புதன்கிழமை. ஊசிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு, ஆனாலும் தூக்கிட்டு வா, எடை போட்டுட்டு வந்துருவோம். அட்டைய மறந்துராத. நர்சம்மா மோருக்கு வருவாக, தயிர் கடையணும். அந்தப் போன அங்கிட்டு வச்சுட்டு இந்த மத்தப் புடி.