பக்கியியல்: கண்மாய்ப் புழுதியில் ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை விளக்குமுன் சொல்லை விளக்குவது மரபு. மரபை நான் விட்டாலும் மதுரை விடாது. "ஒரு பக்கி வாங்கியிருக்கேன்" என்று இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும், "உங்க வீட்டுக்கு எதுக்குய்யா இன்னொண்ணு?" என்றுதான் பதில் வருகிறது.

பக்கி என்பதற்கு இவ்வட்டாரத்தில் மூன்று பொருள். ஒன்று வசவு: பந்தியில் இலை போடுமுன் உட்கார்ந்துவிடுகிறவன் சோத்துப் பக்கி. இரண்டு பறவை: இருட்டியதும் மண்பாதையில் மண்ணோடு மண்ணாக அப்பிக் கிடந்து, வண்டி வெளிச்சம் பட்டதும் டயருக்கடியிலிருந்து விசுக்கென்று எழும்புமே, அது. மூன்று, துரைமார் ஏறிப்போன குதிரை வண்டி. இக்கட்டுரை நான்காவதைப் பற்றியது. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, எடை ஒன்றரைக் கிலோ, கையில் ரிமோட், கரடுமுரடான மண்ணில் பந்தயம் ஓடுவதற்கென்றே செய்த மின்சாரக் கார். காசு தின்பதில் முதல் பொருளும், புழுதியிலிருந்து பறப்பதில் இரண்டாம் பொருளும், குதிரையே இல்லாமல் ஓடுவதில் மூன்றாம் பொருளும் இதில் அடங்குவதால், நான்கும் ஒரே வேர் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். சிலர் என்றது என்னை.

இனி வரலாறு. 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். தண்ணீரில் ஓடியது மண்ணுக்கு வர எண்பது வருடம் பிடித்தது. ஜப்பானில் ஷிசுவோகா ஊர்க் கம்பெனியான தமியா, 1979-இல் 'வண்டு' எனப்படும் பீட்டில் காரின் கூடு போர்த்திய சாண்ட் ஸ்கார்ச்சரை வெளியிட்டது. 1983-இல் தவளை என்ற பெயரில் ஒரு வண்டி. 1984-இல் வெட்டுக்கிளி ஒன்று, குளவி ஒன்று. வண்டு, தவளை, வெட்டுக்கிளி, குளவி: இந்த நான்கும் ஒருசேர வாழும் இடம் உலகில் எது என்று அறிஞர்கள் கலிஃபோர்னியா வரை தேடினார்கள். ஒரு கண்மாய்க்கரையில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். பக்கியின் பூர்வீகம் பாண்டிய நாடே என்பதற்கு இதற்குமேல் சான்று கேட்பவர்களிடம் நான் பேசுவதில்லை.

அதே 1984-இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் கம்பெனி ஆர்சி10 என்ற வண்டியை இறக்கியது. அலுமினியத் தட்டு, நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் நிரப்பிய ஷாக். மறுவருடமே கலிஃபோர்னியாவின் டெல் மாரில் முதல் உலகப் போட்டி. ஏறத்தாழ அக்காலத்தில் தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில் எனக்கு வாங்கித் தந்தது ஒயர் வைத்த ரிமோட் கார். ஒயர் எவ்வளவோ அவ்வளவுதான் உலகம். கார் முன்னால் போக, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். யார் யாரை ஓட்டினார்கள் என்பது இன்றளவும் தீராத ஆய்வுச் சிக்கல்.

பக்கியோடு செட்டப் ஷீட் என்று ஒரு தாள் வரும். தரையிலிருந்து அடித்தட்டு எத்தனை மில்லிமீட்டர், சக்கரத்தின் தலை எத்தனை டிகிரி உள்ளே சாய வேண்டும், பின்சக்கரம் இரண்டும் எத்தனை டிகிரி ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்று அதில் கண்டிருக்கும். 24 மில்லிமீட்டர், 1 டிகிரி, 3 டிகிரி என்ற அளவில் தொடங்குவார்கள். ஓட்டுகிறவர்கள் இந்தத் தாளை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரதியெடுத்துக் கொள்வார்கள். எடுக்கும்போது ஒவ்வொருவரும் ஒரு எண்ணைத் திருத்துவார்கள். ஏடெழுதிய காலத்துப் பாடபேதம் எப்படி வந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது இதைப் பார்த்துத்தான். மூல ஓலையை எழுதியவர் வேறு தேசத்தில், தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கிய களிமண் தரையில் ஓட்டியவர் என்பதை மட்டும் ஒரு பிரதியும் சொல்லாது.

நம் மண்ணுக்கு வருவோம். திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல். சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும்; பக்கியின் முன்சக்கரம் அந்த வெடிப்பில் இறங்கினால் வண்டி நிற்காது, தலைகுப்புற நிற்கும். ஒரு தூறல் விழுந்தால் கதை வேறு. கரிசல் டயரில் அப்பி, டயர் பணியாரம் மாதிரி உருண்டு, கடைசியில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளையும். மேலே ஒரு பொடி மணல் படிந்திருக்கும், அடியில் பாறை மாதிரி இறுகியிருக்கும். கடலை உருண்டைகள் மேல் செருப்புப் போட்டு நடப்பது போல. வைகை மணல் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதில் ஒரு நாள் ஓட்டினேன். பல்சக்கரப் பெட்டிக்குள்ளிருந்து மறுவாரம் வரை வைகை வந்துகொண்டிருந்தது.

இந்த எல்லா மண்ணிலும் தலையானது வற்றிய கண்மாயின் வண்டல். காய்ந்தால் தரை மொசைக், மேலே முகப்பவுடர். கொழுந்து முள் மாதிரி நெருக்கமாகக் குச்சி வைத்த டயர் அந்தப் பவுடரைத் துளைத்து அடித்தரையைப் பிடிக்கும். மண்ணைக் கவ்வுவது தோல்வி என்பது மனிதர் வழக்கு; டயர் வழக்கில் அதுவே வெற்றி.

இன்னொன்றும் பதிவு செய்யத் தக்கது. பக்கியின் டயருக்குள் காற்று கிடையாது. உள்ளே ஸ்பாஞ்சு வளையம், ஓரத்தைப் பசை போட்டு ரிம்மில் ஒட்டியிருப்பார்கள். ஆகவே சீமைக்கருவேல முள் குத்தி நிற்காத வண்டி இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான். என் பைக்கை நான் இப்போதெல்லாம் கண்மாய்க்குள் இறக்குவதில்லை. பக்கி அந்த முள்ளின் மேலேயே போய்வருகிறது. திரும்பி வந்ததும் நாலு முள்ளைப் பிடுங்கிப் போட்டால் சரி. அதே கண்மாயில் என் பைக் பஞ்சராகி நின்ற அன்று, ஊர் வரை தள்ளிக்கொண்டு வந்த என் தோளில் பையில் உட்கார்ந்து வந்தது பக்கி.

அளவைப் பொறுத்துப் பக்கியில் சாதி பல: எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று, பதினாறில் ஒன்று. இதைக் கேட்டு யாரும் இங்கே வியக்கவில்லை. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று பிரித்து ஓட்டுகிற சீமை இது. "அப்ப இது பூஞ்சிட்டா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்கள். நான் ஒரு பக்கம் விளக்க வைத்திருந்தேன்.

இனி மறை.

சக்கரத்தைப் பிடித்திருப்பது ஒரு நட்டு. உள்ளே நைலான் வளையம் வைத்தது, ஏழு மில்லிமீட்டர் ஸ்பானர் பிடிக்கும். நாலு சக்கரத்துக்கு நாலு. நம் மெக்கானிக்குகள் இதை மறை என்பார்கள். எனவே பக்கி நான்மறை தாங்கியது. எழுத்தில்தான் தகராறு. சின்ன ரகரம் போட்டு மரை என்று எழுத வேண்டும், புரியைக் குறிப்பது அதுவே என்பது ஒரு கட்சி. ஆனால் சின்ன ரகரத்து மரைக்கு மானினத்தில் ஒன்று என்றும் தாமரை என்றும் பொருள் இருப்பதால், மரை கழன்றது என்றால் எது ஓடிப்போனது என்ற ஐயம் எழும். பெரிய றகரம் போட்டால் வேதம். நான் வேதக் கட்சி. பாதி ஓட்டத்தில் வலது பின்சக்கரம் தனியே கழன்று ஆட்டுக் கூட்டத்துக்குள் உருண்டு போனபோது, மறை ஓதாமல், அதாவது இறுக்காமல், புறப்பட்டதன் பலன் இதுவென்று உடனே உணர்ந்தேன். நட்டு இன்னும் கிடைக்கவில்லை. "மறை கழண்ட கேசு" என்று அங்கிருந்த பையன் சொன்னது வண்டியைத்தான் என்று கொள்கிறேன்.

பராமரிப்பில் உயிர்நிலை ஷாக். உள்ளே சிலிக்கான் ஆயில். பாட்டிலில் 30, 35, 40 என்று எண் இருக்கும், எண் ஏற ஏற ஆயில் கெட்டி. வெயிலில் ஆயில் இளகும். ஷீட்டில் 30 என்றிருந்தால் நம் மே மாதத்துக்கு 35 ஊற்றுவது என் அனுபவம். ஊற்றுகிற வேலையை இரவில்தான் செய்ய வேண்டும், வீடு அடங்கின பிறகு. பிஸ்டனைக் கீழே இழுத்துவிட்டு விளிம்பு வரை ஊற்றி, தண்டை மெல்ல, மிக மெல்ல, ஏற்றி இறக்க வேண்டும். பிஸ்டனின் பொடித்துளைகள் வழியே கடுகு கடுகாகக் குமிழி கிளம்பும். அவசரப்பட்டால் கடுகு ரவையாகும், ரவை நுரையாகும், நுரை ஒரு மணி நேரத்துக்கு இறங்காது. குமிழி முழுக்க மேலே வந்து உடைகிறவரை ஷாக்கை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். இதற்கென வெளிநாட்டில் ஸ்டாண்டு விற்கிறார்கள். நான் டம்ளரில் அரிசியை நிரப்பி அதில் நான்கையும் நட்டு வைத்தேன். காலையில் அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. "மொளைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூடி போட்டபின் தண்டை அழுத்திவிட்டால் நாலும் ஒரே வேகத்தில் எழ வேண்டும். காதில் வைத்து அழுத்தினால் சொதசொதப்பு கேட்கக் கூடாது. கேட்டால் உள்ளே காற்று, மறுபடி முதலிலிருந்து. வண்டியில் மாட்டி ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் போட்டால், களைத்து வந்தவன் பாயில் விழுவது போல விழ வேண்டும். துள்ளினால் ஆயில் பத்தவில்லை.

சிலிக்கான் ஆயில் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைக் மெக்கானிக் ஒருவர், "ஃபோர்க் ஆயில் இருக்குண்ணே, ஊத்துங்க, ரெண்டும் ஷாக்குதானே" என்றார். தர்க்கத்தில் குறை தெரியவில்லை, ஊற்றினேன். பக்கியின் ஷாக்கில் இருக்கும் சிலிக்கான் ரப்பர் ஓ-ரிங்குக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது என்பது பிறகு தெரிந்தது. இரண்டு நாளில் ரிங் தயிரில் போட்ட வடை மாதிரி ஊறி, தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

பல்சக்கரங்களுக்கு இடையே விடும் சந்துக்கு ஒரு தாள் கனம் கணக்கு. மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தைப் பெரியதோடு சேர்த்து, நடுவே ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து அழுத்தி, மோட்டாரின் திருகை இறுக்கிவிட்டுத் தாளை உருவிவிட வேண்டும். இதற்கு டவுன் பஸ் டிக்கெட்டை மிஞ்சிய கருவி இல்லை. அக்கா கொண்டுவரும் மகளிர் கட்டணமில்லாச் சீட்டைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஒரு துல்லியக் கருவி இலவசமாகக் கிடைப்பது இந்த ஆய்வில் இது ஒன்றுக்குத்தான்.

பேரிங்கைப் பெட்ரோலில் அலசிக் காயவைத்து, தையல் மிஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு. கம்ப்ரஸர் காற்றை நேரே பிடித்து ஊதக் கூடாது, புழுதி மூடியைத் தாண்டி உள்ளே குடியேறிவிடும். பழைய பல்துலக்கி போதும். ரேடியோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்பு 27 மெகாஹெர்ட்ஸில் இருவர் ஒரே கிரிஸ்டல் போட்டால் என் வண்டியை நீங்கள் ஓட்டுவீர்கள், இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சுவாரசியம் போய்விட்டது.

பேட்டரியிடம் மட்டும் விளையாட்டு வேண்டாம். லித்தியம் பாலிமர், இரண்டு செல், ஒவ்வொன்றும் நிறைந்தால் 4.2 வோல்ட். 3.2-க்குக் கீழே இறக்கினால் கெடும். நிறைத்து அப்படியே போட்டாலும் கெடும். ஓட்டாத நாளில் 3.8-இல் வைக்க வேண்டும், அதாவது பசியும் கூடாது, ஏப்பமும் கூடாது. உப்பினால் தூக்கி வைத்துவிட வேண்டும், மறுபடி சார்ஜ் ஏற்றவே கூடாது. தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் மானாமதுரைச் சட்டி ஒன்றில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துதான் சார்ஜ் போடுகிறேன். ஒரு மணி நேரம் ஆகும். ஓடுவது பத்து நிமிடம்.

இந்த ஆய்வுக்கு முடிவு சொன்னவர் நான் அல்லர். மேலூர்ப் பக்கக் கண்மாய் ஒன்றில், பக்கி கரையேற மறுத்தது. ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் பின்சக்கரம் புழுதியைக் கிளப்பும், பாதி மேட்டில் நின்று, வால் சுழன்று, கீழே பார்த்துத் திரும்பிவிடும். மூன்று வாரம் ஆயில் மாற்றினேன், ஸ்பிரிங் மாற்றினேன், சாய்வை அரை டிகிரி அரை டிகிரியாக நகர்த்தி நோட்டில் எழுதினேன். நான்காம் வாரம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து குந்தினார். ஒரு காலத்தில் பந்தய வண்டிக்குச் சாரதியாக இருந்தவராம்.

"எடுங்க தம்பி, பாப்போம்."

கொடுத்தேன். திருப்பிப் பார்க்கவில்லை, திருகிப் பார்க்கவில்லை. வயிற்றுக்கடியில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினார். மூக்கு இறங்கியது.

"முன்பாரமா இருக்கு. பின்பாரம் பத்தலை. மேட்டுல வண்டி எப்பிடி ஏறும்?"

பேட்டரிக்கு முன்னும் பின்னும் ஸ்பாஞ்சுத் துண்டுகள் வைத்திருப்பார்கள், இடம் மாற்றிக்கொள்வதற்கு. பின்னாலிருந்ததை எடுத்து முன்னால் வைத்து, பேட்டரியை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளினேன். செட்டப் ஷீட்டில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று வாரமாக அதை நான் நிரப்பவே இல்லை. பக்கி கரையேறியது, மேலே ஒரு துள்ளு துள்ளியது, அந்தப் பக்கம் இறங்கியது, பின்னாலேயே ஓடி நான் கரைமேல் நின்று ஓட்ட, ஆடுகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது. இன்னும் ஒரு வட்டம். இன்னொன்று. அப்புறம் இழுவை குறைந்து, முனகி, நின்றது.

பெரியவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி நல்ல வண்டிதான் தம்பி. மாடுதான் பத்து நிமிசத்துல படுத்துக்கிருது."